குழந்தைக்குப் பெயர் தேடுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பிரசவ வார்டைவிட்டு வெளியே வருவதற்குள்ளேயே "பேர் என்ன போடறது?" என்று கேட்டுவிடுவார்கள். பதில் தயாராக இல்லையென்றால் பதற வேண்டாம். சட்டப்படி 21 நாளைக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு அதையும் ஆஸ்பத்திரியே செய்துவிடும். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டும் பதியலாம். ஒரு வருடத்துக்குள் போய்ப் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் அவ்வளவு நாள் இழுக்காதீர்கள். எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு முதல் நாள் பெயர் இல்லாத சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறவர்கள் நிறையப் பேர்.

கும்பகோணம் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தருவது என் வேலை. பெயர் வைத்தபோது பட்ட அவசரம் பத்துப் பதினைந்து வருடம் கழித்து எழுத்துத் திருத்தமாகவும், கெஜட்டில் (அரசிதழில்) போடும் பெயர் மாற்றமாகவும் என் மேஜைக்கு வரும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: முதலில் வீடு, அப்புறம் ஊர், அதற்குப் பிறகு சொல்லின் வேர், பிறகு வாய், கடைசியில் காகிதம். செல்போன் ஆப்பில் இருக்கும் பத்தாயிரம் பெயர்ப் பட்டியலை இந்த வரிசையில் எங்கேயும் சேர்க்கவில்லை. ஏன் என்பது மூன்றாவது படியில் தெரியும்.

முதல் படி: வீட்டில் பேசி முடியுங்கள்

பழைய தஞ்சாவூர் ஜில்லா வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற அப்பாயி பெயர், அடுத்ததுகளுக்கு அம்மா வழி. பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் அவன் பெயரன், பேரன். கிரேக்கர்களிடமும் ஏறக்குறைய இதே வரிசை உண்டு. யூதர்களில் ஸ்பெயின் வழி வந்த செபார்டிகள், தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரைப் பேரனுக்கு வைப்பதை மரியாதையாக நினைப்பார்கள். மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த அஷ்கெனாசிகளோ, உயிரோடு இருப்பவர் பெயரைத் தொடவே மாட்டார்கள்.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு மாதிரி. புருஷன் பெயரை வாயால் சொல்லாத அப்பாயி, அதே பெயர் வைத்த பேரனை எப்படிக் கூப்பிடுவார்? மாமனார் பெயரைச் சொல்லி "டேய், இங்க வாடா" என்று மருமகள்தான் எப்படி அதட்டுவாள்? அதனால்தான் வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு வந்தது. இன்றைக்கு அந்த இரண்டும் ஆளுக்கொரு ஆவணத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு படுத்துகின்றன. தடுப்பூசி அட்டையில் 'பாபு', ரேஷன் கார்டில் 'தியாகு', பிறப்புச் சான்றிதழில் 'தியாகராஜன்'. கூப்பிடும் பெயர் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். எழுத்தில் ஏறும் பெயர் ஒன்றுதான் என்பதை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தாத்தா பெயர் வேண்டும், ஆனால் பழசாகத் தெரியக்கூடாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெயரை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். கமலம் பாட்டியின் பேத்தி தாமரை. தங்கம்மாளின் பேத்தி பொன்னி. சந்திரசேகரன் பேரன் பிறைசூடன். இதற்கு முன்னோடி நம் ஊர்க்காரர்தான். 1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்த சுவாமி வேதாசலம், தன் பெயரை அப்படியே உருக்கித் தமிழில் வார்த்துக்கொண்டார்: வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். ஆக மறைமலையடிகள். அவருக்கும் முன்னால், கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த இத்தாலியப் பாதிரியார் கொன்ஸ்தான்சோ பெஸ்கி தன் முதற்பெயரைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். நாம் இன்று வீரமாமுனிவர் என்று சொல்கிறவர் அவர்தான்.

கொள்ளுத்தாத்தா பெயரை எடுக்கும்போது அது எப்படி வந்தது என்றும் விசாரியுங்கள். பிச்சை, குப்புசாமி, குப்பம்மாள் எல்லாம் முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், எமன் கண்ணில் படாமல் இருக்க வைத்தவை. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தோ, பிச்சையாக வாங்கியதாகப் பாவித்தோ வைப்பார்கள். வேண்டா, போதும்பொண்ணு போன்றவற்றில் அந்தக் கனிவு இல்லை, அலுப்புதான் உண்டு. அமாவாசை, மண்ணாங்கட்டி என்று பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கு விழுந்த பெயர்களில் பல, வேறு பெயர் வைக்க விடாததால் வந்தவை. தாத்தாவை மதிப்பது வேறு, அவர் மேல் யாரோ ஏற்றிய பெயரைச் சுமப்பது வேறு. இதில் வீட்டுக்காரர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: உங்கள் ஊர் வைத்திருக்கும் பெயர்களை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் இருக்கும் கோயில், தர்கா, மாதா கோயில் பெயர்களை எழுதிப் பாருங்கள். இவ்வளவு பெயர் ஒரே இடத்தில் கிடைக்கும் நிலம் அதிகம் இல்லை.

காவிரிப் படுகையின் சிறப்பு என்னவென்றால், அநேகமாக ஒவ்வொரு சாமிக்கும் அம்மனுக்கும் தமிழில் ஒன்றும் வடமொழியில் ஒன்றுமாக இரண்டு பெயர் இருக்கும். திருவையாற்றில் ஐயாறப்பர் என்றால் பஞ்சநதீஸ்வரர், அறம்வளர்த்தநாயகி என்றால் தர்மசம்வர்த்தினி. பஞ்சநதம் என்ற பெயரைக் கேட்டால் திருவையாறு நினைவுக்கு வருவது இதனால்தான். மயிலாடுதுறையில் அபயாம்பிகை, அஞ்சல்நாயகி, இரண்டுக்கும் பொருள் 'பயப்படாதே'. திருக்கருகாவூரில் கருக்காத்தநாயகி, கர்ப்பரட்சாம்பிகை. பிள்ளை உண்டானதும் அங்கே போய் வந்தவர்கள் பலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

யாழினி என்ற பெயர் இப்போது தெருவுக்கு நாலு. கெட்ட பெயர் இல்லை. ஆனால் வேதாரண்யம் போயிருக்கிறீர்களா? திருமறைக்காட்டு அம்மன் பெயர் யாழைப் பழித்த மென்மொழியாள். அவள் பேசினால் யாழே தலைகுனியும் என்று பொருள். அந்தக் கோயில் சரஸ்வதி கையில் வீணை இல்லாததற்கும் ஊரில் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். மென்மொழி என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைத்தால் எவ்வளவு புதிதாக இருக்கும், எவ்வளவு பழையதாகவும் இருக்கும்! இந்தப் பெயரை எந்த ஆப்பும் உங்களுக்கு எடுத்துக் கொடுக்காது.

வைணவப் பக்கம் வந்தால் மன்னார்குடியில் ராஜகோபாலன், செங்கமலம். கும்பகோணத்தில் சாரங்கபாணி, சக்கரபாணி, கோமளவல்லி. நாச்சியார்கோயிலில் வஞ்சுளவல்லி. சௌரிராஜன் என்று யாராவது பெயர் சொன்னால் திருக்கண்ணபுரத்தோடு ஏதோ தொடர்பு என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். ஒப்பிலியப்பன் கோயில் கதை தமாஷானது. ஒப்பு இல்லாதவன் என்பது பெயர். நாக்கு அதை உப்பிலி என்று மாற்ற, பெருமாளுக்கு நைவேத்தியமே உப்பில்லாமல்தான் ஆகிறது. உப்பிலி என்று பெயருள்ளவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சுவாமிமலை சுவாமிநாதன், அப்பனுக்குப் பாடம் சொன்ன பிள்ளை. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான, 1855-ல் பிறந்த உ.வே.சா.வுக்கு வைத்த பெயர் வேங்கடராமன், வீட்டில் கூப்பிட்டது சாமா. பாடம் கேட்கப் போன இடத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடித்துப்போய்ச் சாமிநாதன் ஆனார். பெற்றவர் வைத்தது, வீட்டார் கூப்பிட்டது, ஆசிரியர் கொடுத்தது என்று மூன்று இருந்தாலும் நிலைத்தது கடைசிப் பெயர்தான்.

கிழக்கே கடற்கரைக்குப் போங்கள். நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது பெயரில் நாகூர் மீரான், நாகூர் கனி, நாகூர் பிச்சை என்று எத்தனையோ பேர். நேர்ந்துகொண்ட இந்து வீடுகளில் நாகூரான் என்று பெயர் வைப்பதும் உண்டு. அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதா: ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வைத்தியநாதன் என்று வைத்த தாயும், ஆரோக்கியமேரி என்று வைத்த தாயும் கேட்டது ஒன்றேதான். பிள்ளை நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

பழைய பெயர்தான் வேண்டும் என்றால் தஞ்சைப் பெரிய கோயில் மதிலுக்குப் போங்கள். கோயிலில் ஆடிப்பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கு ராஜராஜன் வீடும் நெல்லும் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு, பெயர்ப் பட்டியலாகவே நீள்கிறது. அதில் ஒரு பெண்ணின் பெயர் சோழகுலசுந்தரி. இன்னொருத்தியின் பெயர் எடுத்தபாதம். தில்லைக் கூத்தன் தூக்கிய காலையே பெயராக வைத்துக்கொண்டவள்! ஆயிரம் வருடத்துக்கு முன்பு இருந்த துணிச்சல் நமக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது.

காவிரி, பொன்னி இரண்டையும் மறந்துவிடாதீர்கள். பொன்னி என்றால் "அரிசி பேராச்சே" என்று யாராவது சிரிப்பார்கள். அரிசிக்குத்தான் ஆற்றின் பெயர் வந்தது.

மூன்றாம் படி: வேரைப் பாருங்கள்

பெயர் பிடித்துவிட்டதா? இப்போது இரண்டு கேள்வி. இது எந்த மொழிச் சொல்? அந்த மொழியின் அகராதியில் இதற்கு என்ன பொருள்? தமிழ் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், வடமொழி என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அரபுப் பெயர் என்றால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேளுங்கள். அகராதியில் இல்லாமல் பட்டியல்களில் மட்டும் உலாவும் பெயர் என்றால், யாரோ ஒருவர் இட்டுக்கட்டியதை மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட பட்டியல்களில் எல்லாப் பெயருக்கும் ஒன்று 'சிவனின் இன்னொரு பெயர்' என்றோ இல்லையென்றால் 'தனித்துவமானவள்' என்றோதான் பொருள் போட்டிருக்கும்.

ரித்விக் வேள்வி நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் சரியான வடமொழிச் சொல். கியாரா அப்படி இல்லை. அது அயர்லாந்துப் பெயரின் கிளை, கருங்கூந்தல்காரி என்று பொருள். நதியா என்றால் நாம் ஆறு என்று நினைக்கிறோம். ரஷ்யாவில் அது நம்பிக்கை என்ற சொல்லின் செல்லச் சுருக்கம். வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை. கருங்கூந்தலும் நம்பிக்கையும் நல்ல பொருள்தானே. தெரிந்து வையுங்கள் என்பதுதான் என் கட்சி.

ஒரே ஒலி, இரண்டு வேர் என்று வரும் பெயர்கள் சுவாரசியமானவை. பானுமதியில் உள்ள பானு வடமொழியில் சூரியன், நூர்பானுவில் உள்ள பானு பாரசீகத்தில் சீமாட்டி. சமீர் வடமொழியில் காற்று, அரபியில் இரவில் கூட உட்கார்ந்து கதை பேசும் தோழன். நிஷா வடமொழியில் இரவு. நம் பக்கத்து முஸ்லிம் பெண்களின் பெயரில் பின்னால் வரும் நிஷா, 'நிசா' என்ற அரபுச் சொல், பெண்கள் என்று பொருள். அரபியில் இரவு வேண்டுமென்றால் லைலா இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக, வெவ்வேறு ஊர்க்காரர்கள் மாதிரித் தெரிகிற இரண்டு பெயர் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருப்பதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இது. திருவாரூர்க் கோயிலில் அல்லியங்கோதை என்று தமிழிலும் நீலோத்பலாம்பாள் என்று வடமொழியிலும் ஓர் அம்மன். நீலோத்பலம் என்றால் நீல ஆம்பல். இந்தச் சொல் பாரசீகத்துக்குப் போய் நீலூபர் ஆகி, அங்கிருந்து இஸ்லாமியப் பெயராகத் திரும்பி வந்தது. நாகூரில் நிலோபர் என்று பெண்ணைக் கூப்பிடுகிறார்களே, அதுதான். திருவாரூரையும் நாகூரையும் ஒரே பஸ் இணைக்கிறது. ஆனால் அந்தப் பூ ஈரானைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

அரபுப் பெயர்களைப் புரிந்துகொள்ள ஒரு சூத்திரம் உண்டு. மூன்று மெய்யெழுத்தை வேராக வைத்துக்கொண்டு உயிரை மாற்றிப் போட்டுச் சொல் உண்டாக்குவார்கள். ஹ, ம, த என்ற வேருக்குப் புகழ் என்று பொருள். முகம்மது, அகமது, ஹமீது, மஹ்மூது எல்லாம் அதில் பிறந்தவை. ஜமால் அழகு, ஜமீலா அழகி. அப்து என்று தொடங்கினால் எச்சரிக்கை தேவை. அப்துல் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடிமை. பின்பாதி இறைவனுடைய பெயர். அதனால் மார்க்கம் தெரிந்தவர்கள் அதைத் தனியாக வெட்டிக் கூப்பிட விரும்ப மாட்டார்கள். ஃபாரம் நிரப்பும்போது 'அப்துல்' ஒரு கட்டத்திலும் 'ரஹ்மான்' இன்னொரு கட்டத்திலும் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுளுக்கு அடிமை என்ற எண்ணம் எல்லா மதத்திலும் ஒரே அச்சில் பெயராகியிருக்கிறது. அப்துல்லா, எபிரேயத்தில் ஒபதியா, நம்மிடம் சிவதாசன், ராமதாஸ்.

எபிரேயத்திலிருந்து வந்தவை அரபி வழியாக ஒரு உருவிலும் போர்ச்சுக்கீசியம் வழியாக வேறு உருவிலும் டெல்டாவுக்குள் நுழைந்தன. நாகூரில் யூசுப், வேளாங்கண்ணியில் சூசை. அங்கே இப்ராஹிம், இங்கே ஆபிரகாம். மர்யமும் மரியாவும், சுலைமானும் சாலமோனும், தாவூதும் தாவீதும் அப்படியே. கிரேக்கத்து அலெக்சாண்டர் பாரசீகம் போய்ச் சிக்கந்தர் ஆனார். சந்தியாகு என்பது ஸ்பெயின் நாட்டுச் சாந்தியாகோ, அதாவது புனித யாக்கோபு.

கத்தோலிக்கப் பெயர்களில் பழைய மொழிபெயர்ப்பாளர்களின் கைவண்ணம் தெரியும். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர், சின்னப்பன். யோவான் என்றால் கடவுள் அருளினார், ஆகவே அருளப்பர், அருளப்பன். சவரிமுத்துவின் கதை இன்னும் தூரம் போகும். பிரான்சிஸ் சவேரியார் பிறந்தது ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் ஹாவியேர் என்ற கோட்டையில். பாஸ்க் மொழியில் அந்த ஊர்ப் பெயருக்குப் புதுவீடு என்று அர்த்தம். பூண்டி மாதா கோயில் திருவிழாவில் கூட்டத்தைப் பார்த்துச் "சவரிமுத்து!" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அத்தனை பேரும் புதுவீட்டுக்காரர்கள்.

அரசியல் பெயர்களையும் சொல்லிவிட வேண்டும். கீழத்தஞ்சையில் செங்கொடி பறந்த கிராமங்களில் லெனின்களும் ஸ்டாலின்களும் உண்டு. இரண்டுமே புனைபெயர்கள். ஸ்டாலின் என்பதில் உள்ளது எஃகு. லெனின், சைபீரியாவின் லேனா ஆற்றை வைத்து வந்தது என்பார்கள். திராவிட இயக்கம் கொடுத்தவை அறிவழகன், தமிழ்ச்செல்வி, இளங்கோவன். திருக்கண்ணபுரத்தில் நாராயணசாமியாகப் பிறந்தவர்தான் நெடுஞ்செழியன் ஆனார். இந்தப் பெயர்களின் பெரிய லாபம், கேட்டவுடன் சாதி தெரியாது என்பது. பெயர் சொன்னதும் எதிராளி மனசுக்குள் கணக்குப் போடாமல் இருந்தால், குழந்தைக்கு அதுவே பெரிய சொத்து.

நான்காம் படி: நட்சத்திரமும் எண்ணும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும், பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துப் போட்டிருக்கும். அது வடமொழி எழுத்து வரிசையை வைத்துச் செய்த அட்டவணை. தமிழ் எழுத்துக்குள் கொண்டுவரும்போதே பாதி வித்தியாசம் காணாமல் போய்விடும். திருவாதிரைக்கு கு, க, ங, ச. ங-வில் என்ன பெயர் வைப்பீர்கள்? சதயத்துக்கு கோ, ச, சி, சு என்கிறது அட்டவணை. ஐப்பசி சதயத்துக்குத் தஞ்சாவூரே விழாக் கொண்டாடுகிறதே, அந்த ராஜராஜனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அருள்மொழி. அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால், நட்சத்திர எழுத்தில் ஒரு பெயரைக் காதில் சொல்லிவிட்டு, பதிவுக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். நட்சத்திரத்தையே பெயராக வைப்பது இன்னும் நல்லது: ஆதிரை, ரேவதி, விசாகன், பரணி. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் கோஃபி, வெள்ளிக்கிழமை பிறந்த பையன்.

எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தை இரட்டிக்காதீர்கள். என் மேஜைக்கு வரும் திருத்தங்களில் இது ஒரு பெரிய வகை. ஒரு சான்றிதழில் இரட்டித்தது இன்னொன்றில் ஒற்றையாக இருக்கும். கல்லூரி சேரும்போது அல்லது விசா எடுக்கும்போது வந்து நிற்பார்கள்.

ஐந்தாம் படி: வாய்விட்டுக் கூப்பிடுங்கள்

வாசலில் நின்று, தெருமுனையில் விளையாடுகிற பிள்ளையை அழைப்பது போல ஒரு தடவை கத்திப் பாருங்கள். கடைசி எழுத்து நீளாத பெயர் அங்கே எடுபடாது. அப்புறம் அப்பாயியைச் சொல்லச் சொல்லுங்கள். 'ஹர்ஷ்வர்தன்' அவர் வாயில் 'அரிச்சுவத்தான்' ஆனால், பதினைந்து வருடம் வீட்டில் புழங்கப்போவது இரண்டாவதுதான். பழைய தமிழே இப்படி வளைத்துத்தான் எடுத்துக்கொண்டது: ரங்கன் அரங்கன் ஆனார், ராமன் இராமன் ஆனார். ஆகவே அப்பாயியின் உச்சரிப்பைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து வெளியூர். டெல்டாவில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெருவே கிடையாது. அரபியில் 'பழம்' என்பதன் முதல் ஒலி இல்லை, 'பாலு' என்பதன் முதல் ஒலிதான் உண்டு. பார்த்திபன் அங்கே போனால் பாலுவின் 'பா'வில்தான் தொடங்குவார். எழில், மகிழன், தமிழினி போன்ற ழகரப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பார்த்து வாசிக்கிற வெளியாட்கள் பெரும்பாலும் 'ஸ' போட்டுத்தான் சொல்வார்கள். இதற்குப் பயந்து ழகரத்தை விட வேண்டாம் என்பேன். பிள்ளை ஒரு தடவை திருத்திச் சொன்னால் முடிந்தது.

ஆறாம் படி: இனிஷியலை இப்போதே முடிவு செய்யுங்கள்

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜனை வெளிநாட்டுப் புத்தகங்கள் ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று எழுதும்போது, ஸ்ரீனிவாச என்பதை அவர் பெயராகவும் ராமானுஜன் என்பதைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் ஸ்ரீனிவாச என்பது அப்பா பெயர். நம் இனிஷியல் முறை மற்றவர்களுக்குப் புரியாது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு வேண்டுமானால் புரியும். அவர்களுக்கும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்து எழுதுவார்கள். மலேசியாவில் நம்மவர் பெயருக்கு நடுவே 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று வருவதும் மகன், மகள் என்பதுதான். காரைக்காலில் கதை வேறு. பிரெஞ்சு ஆட்சியில் 1881-ம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த வம்சங்களில் அது இன்றும் தொடர்கிறது.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குழந்தை பெயர் ஒரு கட்டத்தில், அப்பா அல்லது அம்மா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில். ஒற்றைப் பெயரோடு கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் விசிட் விசா தர மறுத்தபோது, நம் பக்கத்தில் எத்தனை பயணம் தடைபட்டது என்பதை டிராவல் ஏஜென்சிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாஸ்போர்ட்டின் கீழே மெஷின் படிக்கும் வரியில் முழுப்பெயருக்கும் சேர்த்து 39 இடம்தான். குழந்தைக்குச் செல்வமுத்துக்குமாரசுவாமி என்றும் அப்பாவுக்குப் பஞ்சநதீஸ்வரன் என்றும் இருந்தால், வால் வெட்டுப்படும்.

ஏழாம் படி: பெயர் வைக்கும் நாளும் சான்றிதழும்

பதினோராம் நாள் புண்ணியாகவாசனத்தில் வைப்பவர்கள், பதினாறில் அல்லது முப்பதில் தொட்டில் போட்டு வைப்பவர்கள் என்று வீட்டுக்கு வீடு மாறும். தாம்பாளத்தில் நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, மஞ்சள் துண்டால் பெயரை எழுதி, அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லிச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார். அத்தைக்குச் சீர் உண்டு, மறந்தால் ஆயுசுக்கும் பேச்சு. முஸ்லிம் வீடுகளில் பிறந்தவுடன் காதில் பாங்கு, ஏழாம் நாள் முடியிறக்கி அகீகா (ஆடு அறுத்துப் பகிர்வது) கொடுத்துப் பெயர். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானம். அங்கே வைக்கிற புனிதர் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், இரண்டையும் சேர்த்தே பதிந்துவிடுவது பிற்பாடு உதவும்.

அப்புறம் பதிவு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டர் லிஸ்ட், லைசென்ஸ், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் பதிவாளரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள். தமிழில் ஒரு வரி, அதன்கீழ் ஆங்கிலத்தில் ஒரு வரி, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அப்பா, அம்மா பெயர்கள் அவரவர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். சான்றிதழ் கையில் வந்ததும் அங்கேயே நின்று இரண்டு மொழியிலும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தமிழில் ண, ன மாறியிருக்கிறதா, ஆங்கிலத்தில் நெடில் குறிலாகிவிட்டதா என்று பாருங்கள். எழுத்துப் பிழை என்றால் திருத்தித் தருவார்கள். பெயரையே மாற்ற வேண்டும் என்றால் லேசில் நடக்காது, பிறகு கெஜட் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால், அதே எழுத்துக்கூட்டலோடு குழந்தைக்கு நீல நிற ஆதார் எடுத்துவிடுங்கள். ஐந்து வயது வரை கைரேகை கிடையாது, ஐந்து முடிந்ததும் ஒரு தடவை, பதினைந்து முடிந்ததும் ஒரு தடவை போய்ப் பதிய வேண்டும். சான்றிதழை லேமினேஷன் செய்யாமல் நாலு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வையுங்கள்.